கணக்குத் தாளில் கடைசிக் கேள்வி வரை போவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் வேறு வேறு தேர்வைப் பற்றியவை. ஆனால் குறை ஒன்றுதான்: கணக்கு தெரிகிறது, நேரம் போதவில்லை.

கேள்வி: வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வில் கணக்குப் பகுதிக்கு 35 கேள்வி, 20 நிமிடம். எவ்வளவு அடித்துப் பிடித்துப் போட்டாலும் 18-ஐத் தாண்ட முடியவில்லை. மீதியைப் படித்துப் பார்க்கக்கூட நேரம் இருப்பதில்லை. என் கை வேகம் போதவில்லையா?
— கும்பகோணம் வாசகர்

பதில்: தம்பி, கையைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரு கணக்கு. 20 நிமிடம் என்பது 1,200 விநாடி. 18 கேள்வி என்றால் சராசரி ஏறத்தாழ 67 விநாடி. ஆனால் எல்லாக் கேள்வியும் 67 விநாடி எடுப்பதில்லை. பத்துக் கேள்விக்கு 30 விநாடி வீதம் 300, ஐந்துக்கு ஒரு நிமிடம் வீதம் 300, மிச்சம் மூன்றே மூன்றுக்கு 200 விநாடி வீதம் 600. நேரம் பெரும்பாலும் இப்படித்தான் பிரிகிறது. மூன்று கேள்வி பாதி நேரத்தைக் குடித்துவிட்டது. வாய்க்கால் நடுவில் உடைப்பு இருக்கும்போது கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையே என்று மதகைக் கூடுதலாகத் திறந்து பயனில்லை. உடைப்பு எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். பழைய வினாத்தாள் மூன்றை எடுத்துக்கொண்டு, கைபேசியின் ஸ்டாப்வாட்சில் ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் 'லேப்' பொத்தானைத் தட்டுங்கள். தாள் முடிந்த பிறகு, 50 விநாடிக்கு மேல் போன ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள். கேள்வி புரியவே நேரமானால் 'ப'. வழி தெரியாமல் யோசித்திருந்தால் 'வ'. வழி தெரிந்தும் பெருக்கல் வகுத்தலில் மாட்டியிருந்தால் 'க'. தப்பாகிப் போய்த் திரும்பப் போட்டிருந்தால் 'த'. மூன்று தாளில் எந்த எழுத்து அதிகம் என்பது தெரிந்துவிடும். நான்குக்கும் மருந்து வேறு. 'வ' அதிகமாக இருக்கிறவர் பெருக்கல் குறுக்குவழி படித்துக்கொண்டிருப்பது வீண்.

'ப' என்றால், நீளமான கேள்விகளில் கடைசி வாக்கியத்தை முதலில் படியுங்கள். கேட்டது லாபமா, லாப சதவீதமா, அடக்க விலையா என்பது தெரிந்தபின் மேலே போனால், எந்த எண் வேண்டும், எது வேண்டாம் என்பது படிக்கும்போதே பிரிந்துவிடும். 'வ' என்றால் கடிகாரத்தை எடுத்து வையுங்கள். ஒரே வகைக் கணக்கு 40 எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முதல் வரியை மட்டும் எழுதுங்கள், விடை வரை போக வேண்டாம். படகும் நீரோட்டமும் என்றால், இரண்டு வேகத்தையும் கூட்டுவதா கழிப்பதா என்பது மட்டும். அரை மணி நேரத்தில் 40 முடியும். இரண்டு நாளில் அந்த வகை பழகிவிடும். 'த' என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒரு கணக்கை இரண்டு முறை போடுவதைவிட மெதுவான வழி வேறில்லை. 'க'-வுக்கான மருந்து அடுத்த பதிலில் இருக்கிறது.

தேர்வு நாளில் தாளை இரண்டு சுற்றாகப் போடுங்கள். முதல் சுற்று 12 நிமிடம். அதில் சுருக்குதல், தோராய மதிப்பு, எண் தொடர், பார்த்ததும் வழி தெரிகிற ஒருவரிக் கணக்குகள். படித்து முடித்த பத்து விநாடிக்குள் முதல் வரி மனதில் வராவிட்டால் குறியிட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எண் தொடருக்கு மட்டும் 30 விநாடி கொடுக்கலாம். இரண்டாம் சுற்றின் 8 நிமிடத்தில் அட்டவணை, வரைபடக் கேள்விகள், பிறகு விட்டுவைத்தவை. அட்டவணையை ஒரு நிமிடம் நிதானமாகப் படித்துவிட்டால் அதற்கு அடியில் இருக்கும் ஐந்து கேள்விக்கும் அது உதவும். அவசரமாகப் பார்த்தால் ஐந்து தடவை திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

விடுவதுதான் கஷ்டம். 'இவ்வளவு போட்டாச்சு, இன்னும் இரண்டே வரி' என்று மனம் இழுக்கும். அந்த இரண்டு வரியில்தான் 200 விநாடி ஆகிறது. இன்னொன்று: இந்தத் தேர்வில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி 20 நிமிடம். ரீசனிங்கில் மிச்சம் பிடித்த நேரம் கணக்குக்கு வராது. ரயில்வேயின் தொழில்நுட்பம் சாராப் பணிகளுக்கான என்.டி.பி.சி. தேர்வின் முதல் கட்டத்தில் 100 கேள்விக்கும் சேர்த்து 90 நிமிடம், அங்கே மிச்சம் பிடிக்கலாம். எந்தத் தேர்வு என்று பார்த்துத் திட்டம் போடுங்கள்.

கேள்வி: வழியெல்லாம் தெரிகிறது. பெருக்கல், வகுத்தல், சதவீதத்தில்தான் தேங்குகிறேன். எதை மனப்பாடம் செய்வது? வேதக் கணிதப் புத்தகம் ஒன்று வாங்கினேன், அறுபது முறை இருக்கிறது, எதுவும் நினைவில் நிற்கவில்லை.
— திருவாரூர் வாசகி

பதில்: அறுபது முறை வேண்டாம் தங்கை. எந்தக் கணக்குக்கு எந்த முறை என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். 20 வரை வாய்ப்பாடு, 30 வரை வர்க்கம், 15 வரை கனம், பின்ன-சதவீத ஜோடிகள். இவ்வளவு போதும்.

வாய்ப்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. பலருக்கு வரிசையாகச் சொன்னால்தான் வரும். 17×7 கேட்டால் ஓரேழு, ஈரேழு என்று அடியிலிருந்து ஏறி வர வேண்டியிருக்கும். இதைத் தீர்க்க, 12 முதல் 19 வரையுள்ள எண்களை 3 முதல் 9 வரை பெருக்கும் கேள்விகளைச் சிறு துண்டுச் சீட்டுகளில் எழுதுங்கள். மொத்தம் 56 சீட்டு வரும், பின்புறம் விடை. கலைத்துப் போட்டு ஒவ்வொன்றாக எடுங்கள். இரண்டு விநாடிக்குள் விடை வந்த சீட்டு ஒரு பக்கம், தடுமாறிய சீட்டு இன்னொரு பக்கம். மறுநாள் தடுமாறியவற்றை மட்டும் எடுங்கள். தினம் பத்து நிமிடம் போதும்.

சதவீதத்துக்கு நம் ஊர்ப் பேச்சிலேயே பாதி இருக்கிறது. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, 12.5 சதவீதம். காலே அரைக்கால் என்றால் 37.5. முக்காலே அரைக்கால் 87.5. வீசம் என்றால் பதினாறில் ஒன்று, 6.25 சதவீதம். அப்படியானால் 'முக்காலே மூணு வீசம்' என்று நாம் வாயால் சொல்வது சரியாக 93.75 சதவீதம். ஒரு வேலிக்கு 20 மா, எனவே ஒரு மா என்பது வேலியில் 5 சதவீதம். 64-இல் 37.5 சதவீதம் என்று கேட்டால் தசமப் பெருக்கல் வேண்டாம். 64-இல் அரைக்கால் 8, மூன்று அரைக்கால் 24, முடிந்தது. இவற்றோடு 1/3 = 33.33, 1/6 = 16.67, 1/7 = 14.29, 1/9 = 11.11, 1/11 = 9.09 சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெருக்கலுக்கு மூன்று பழக்கம். இடமிருந்து வலமாகப் பெருக்குவது: 43×17 என்றால் 430, அதோடு 301, ஆக 731. பக்கத்து முழு எண்ணுக்குத் தள்ளுவது: 47×38 என்றால் 47×40 = 1,880, அதில் 94 போனால் 1,786. இரட்டித்துப் பாதியாக்குவது: 350-இல் 18 சதவீதம் என்பதும் 700-இல் 9 சதவீதம் என்பதும் ஒன்றே, 63. பஸ்ஸில் போகும்போது எதிரே வரும் வண்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தையும் கடைசி இரண்டு இலக்கத்தையும் பெருக்கிப் பாருங்கள். தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் நிறையக் கணக்கு ஆகிவிடும்.

எவ்வளவு துல்லியமாகப் போட வேண்டும் என்பதை விடைகள் சொல்லும், அதை யாரும் கவனிப்பதில்லை. ஓர் உதாரணம். மேட்டூர் அணை 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. விநாடிக்கு 18,000 கன அடி திறந்து, வரத்து அறவே இல்லை, முழுவதும் திறக்கலாம் என்று வைத்துக்கொண்டால் எத்தனை நாள் வரும்? விடைகள் 48, 60, 72, 85. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. 18×864 = 15,552. ஆக நாளுக்கு 155.52 கோடி கன அடி. ஒரு டி.எம்.சி. 100 கோடி கன அடி என்பதால் 1.555 டி.எம்.சி. இனி 93.47-ஐ 1.555-ஆல் நீள வகுத்தல் போட வேண்டுமா? வேண்டாம். 93-ஐ 1.5-ஆல் வகுத்தால் 62. உண்மையில் வகுக்கும் எண் கொஞ்சம் பெரிது, ஆகவே விடை 62-க்குக் கொஞ்சம் கீழே. 60 தவிர வேறெதுவும் பொருந்தாது.

விடைகளுக்கு இடையே பத்து சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கிப் போடலாம். மேலே போட்ட 47×38-க்கு விடைகள் 1,786, 1,784, 1,796 என்று ஒட்டி ஒட்டி இருந்தால் தோராயம் உதவாது, கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 7×8 = 56 என்பதால் 6-இல் முடிய வேண்டும், 1,784 உடனே போய்விடும். மீதி இரண்டுக்கு மட்டும் முழுக் கணக்கு. நாளிதழில் தினம் வரும் நீர் வரத்து, வெளியேற்றம், இருப்பு எண்களை வைத்தே இந்தத் தோராயத்தைப் பழகலாம்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு. என்.எம்.எம்.எஸ். என்ற கல்வி உதவித்தொகைத் தேர்வுக்குத் தயாராகிறான். மனத்திறன் தாளில் 90-க்கு 60 வரைதான் போகிறான். கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்தால் அழுகையே வந்துவிடுகிறது. அபாகஸ் வகுப்பில் சேர்க்கட்டுமா?
— மன்னார்குடி வாசகி

பதில்: அம்மா, அபாகஸ் கூட்டல் பெருக்கலை வேகப்படுத்தும். ஆனால் மனத்திறன் தாளில் நேரம் போவது எழுத்துத் தொடர், குறியீடு, ஒப்புமை, கண்ணாடி பிம்பம், பொருந்தாததைக் கண்டுபிடித்தல் இவற்றில். அவன் தேங்குகிற இடம் அபாகஸ் இல்லை. அந்தப் பணத்துக்குப் பழைய வினாத்தாள்களும் வட்டம் நிரப்பும் விடைத்தாளான ஓ.எம்.ஆர். தாளின் நகல்களும் வாங்குங்கள்.

90 கேள்விக்கு 90 நிமிடம் என்று சொல்லி உட்கார வைக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் பத்துப் பத்துக் கேள்வியாகக் கொடுங்கள். கடிகாரம் உங்கள் கையில் இருக்கட்டும், அவன் கண்ணில் பட வேண்டாம். பத்துக்கு 15 நிமிடம் ஆகிறது என்றால் அப்படியே இருக்கட்டும். பத்தில் எட்டு சரியாக வந்த பிறகு 13 நிமிடம், மறுபடி எட்டு வந்தால் 11, பிறகு 10. எட்டு வராத நாளில் நேரத்தைக் குறைக்காதீர்கள். சரியாக வருவதற்கு முன்னால் நேரத்தை நெருக்கினால் பிள்ளை ஊகத்துக்குப் பழகிவிடுவான். அதை மாற்றுவது பெரும்பாடு.

வட்டம் நிரப்புவதற்கு ஒன்றுக்கு ஐந்து விநாடி வைத்தாலும் 90-க்கு ஏழரை நிமிடம். இதைக் கணக்கில் சேர்க்காமல் வீட்டில் வெறும் வினாத்தாளில் டிக் போட்டுப் பழகுகிறவர்கள் தேர்வறையில் திகைத்துப் போகிறார்கள். பயிற்சியிலும் கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் நிரப்பட்டும். கேள்வியைத் தாண்டும்போது வினாத்தாளில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பத்துக் கேள்விக்கும் வினா எண்ணும் விடைத்தாள் எண்ணும் ஒன்றா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். 23-ஐத் தாண்டிவிட்டு 24-இன் விடையை 23-இல் நிரப்பினால், அதற்குப் பின்னால் எல்லாம் ஒரு வரி நகர்ந்துவிடும். இந்தத் தேர்வில் தப்புக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, ஆகவே கடைசி ஐந்து நிமிடத்தில் காலியாக உள்ளவற்றை நிரப்பிவிட வேண்டும்.

கேள்வி: குரூப் 4 தேர்வில் கணக்கை முதலில் போடுவதா, கடைசியில் போடுவதா? இரண்டு முறையும் மாற்றி மாற்றிச் செய்து இரண்டும் சரிவரவில்லை.
— மயிலாடுதுறை வாசகர்

பதில்: நடுவில் போடுங்கள். 200 கேள்வி, மூன்று மணி நேரம். தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கு வரும் திறனறிவு 25. தமிழில் பெரும்பாலும் தெரியும் அல்லது தெரியாது, யோசித்து வருவது குறைவு. அதை முதல் 50 நிமிடத்தில் முடியுங்கள். அந்தப் பகுதியில் 150-க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால் முதலிடம் அதற்கு. அடுத்த 40 நிமிடம் கணக்கு, கேள்விக்கு ஒன்றரை நிமிடம் தாராளமாக வரும். பிறகு பொது அறிவுக்கு 60 நிமிடம். மீதி 30 நிமிடம் விட்டவற்றுக்கும் வட்டங்களைச் சரிபார்க்கவும்.

கணக்கை முதலில் வைத்தால் ஒரு முரட்டுக் கணக்கு மற்றவற்றின் நேரத்தைத் தின்னும். கணக்கில் கெட்டிக்காரர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ராமானுஜன் கணக்கே கதி என்றிருந்து மற்றப் பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார். கடைசியில் வைத்தால் பதினைந்து நிமிடம் மிஞ்சும்போது 25 கணக்கும் ஒன்றாக முன்னால் வந்து நிற்கும்.

இந்த 25-இல் சூத்திரத்தோடு முடியும் கணக்குகளில் வரிகளைக் குறையுங்கள். மூன்று குழுக்கள் ஒரு நடவை 12, 15, 20 நாளில் முடிக்கும், சேர்ந்தால் எத்தனை நாள்? 1/12 + 1/15 + 1/20 என்று பின்னம் எழுதினால் நான்கைந்து வரி. நடவு மொத்தம் 60 பங்கு என்று வையுங்கள், மீ.சி.ம. அதுதான். நாளுக்கு 5, 4, 3 பங்கு, சேர்ந்து 12. 60-ஐ 12-ஆல் வகுத்தால் 5 நாள். பின்னமே எழுதவில்லை. இரண்டு ஆண்டுக்குக் கூட்டுவட்டி, தனிவட்டி வித்தியாசம் கேட்டால் இரண்டையும் தனித்தனியாகக் கண்டுபிடிக்காதீர்கள். 5,000 ரூபாய், 8 சதவீதம் என்றால் 5,000-இல் 8 சதவீதம் 400, 400-இல் 8 சதவீதம் 32. அதுவே விடை.

குரூப் 4 விடைத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் உள்ள ஐந்தாவது வட்டம் 'விடை தெரியவில்லை' என்பதற்கு. எந்தக் கேள்வியையும் நிரப்பாமல் விடாதீர்கள்.

கேள்வி: நேரம் முடியும்போது மிச்சக் கேள்விகளுக்கு ஊகித்து விடை போடலாமா?
— பாபநாசம் வாசகர்

பதில்: தேர்வைப் பொறுத்தது, கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். வங்கித் தேர்வில் ஐந்து விடை, தப்புக்கு கால் மதிப்பெண் குறையும். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கேள்வி போட்டால் சராசரியாக ஒன்று சரி, நான்கு தப்பு. வந்த ஒன்றும் நான்கு காலும் சமம், லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால்தான் லாபம் தொடங்கும். ரயில்வேயில் நான்கு விடை, தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு, அங்கேயும் அதே பூஜ்யம்தான். பட்டதாரிகளுக்கான மத்திய அரசுப் பணித் தேர்வான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல் கட்டத்தில் சரிக்கு 2, தப்புக்கு 0.50, விடை நான்கு என்பதால் ஊகத்துக்குக் கொஞ்சம் சாதகம். குரூப் 4-இல் தப்பான விடைக்குக் குறைப்பு இல்லை, அங்கே தெரியாத கேள்விக்கும் ஒரு விடையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

கேள்வி: வேகம் வந்துவிட்டது, ஆனால் பத்தில் மூன்று கவனப் பிசகால் போகிறது. திரும்பச் சரிபார்க்க நேரமில்லை.
— நாகப்பட்டினம் வாசகி

பதில்: முழுதாகத் திரும்பப் போடுவது சரிபார்ப்பு ஆகாது, அதே பிசகு அதே இடத்தில் மறுபடி வரும். வேறு வழியில் ஐந்து விநாடியில் பாருங்கள். பெருக்கலுக்கு இலக்கக் கூட்டல் உதவும். 347×28 = 9,716 என்று வந்திருக்கிறது. 3+4+7 = 14, அதுவே 5. 2+8 = 10, அதுவே 1. பெருக்கினால் 5. விடையில் 9+7+1+6 = 23, அதுவும் 5. பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் நிச்சயம் தப்பு. ஆனால் பொருந்தியதால் மட்டும் சரி என்று சொல்ல முடியாது. 9,716-ஐ 9,176 என்று இடம் மாற்றி எழுதியிருந்தாலும் கூட்டல் 5 தான் வரும். அதனால் 350×28 = 9,800, ஆகவே விடை அதற்குச் சற்றுக் கீழே என்ற தோராயத்தையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலான பிசகு பிடிபடும்.

மற்றப் பிசகுகள் படிப்பதில் வருபவை. 'அல்லாதது எது', 'எவ்வளவு அதிகம்', 'மீதி எத்தனை' போன்ற சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள். கி.மீ., மீட்டர், நிமிடம், மணி கலந்து வந்தால் கணக்குத் தொடங்கும் முன்பே ஓர் அலகுக்கு மாற்றிவிடுங்கள், மணிக்கு 72 கி.மீ. என்றால் உடனே பக்கத்தில் விநாடிக்கு 20 மீட்டர்.

கேள்வி: வீட்டில் கைபேசியில் மாதிரித் தேர்வு எழுதினால் நல்ல மதிப்பெண் வருகிறது, தேர்வு மையக் கணினியில் குறைகிறது. ஏன்?
— வேதாரண்யம் வாசகர்

பதில்: கைபேசியில் திரை கைக்குள் இருக்கிறது, எழுதும் தாள் பக்கத்திலேயே இருக்கிறது. கணினியில் கண் நேரே பார்க்க வேண்டும், கை கீழே எழுத வேண்டும். ஒவ்வொரு முறை தலையைக் குனிந்து நிமிரும்போதும் எண் மறந்து திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். பலர் இதற்குப் பயந்து கேள்வி முழுவதையும் தாளில் எழுதுகிறார்கள், நேரம் போவது அங்கேதான். எண்களை மட்டும், அதுவும் ஒரே பார்வையில் எடுத்து எழுதப் பழகுங்கள். வாரம் இரண்டு மாதிரித் தேர்வையாவது இ-சேவை மையத்திலோ தெரிந்தவர் வீட்டிலோ கணினியில், மவுஸ் பிடித்து எழுதுங்கள். எழுதும் தாளைச் செங்குத்தாக இரண்டாக மடித்து மேலிருந்து கீழாக வரிசையாகப் போடுங்கள், ஒவ்வொரு கணக்குக்கும் கேள்வி எண் இடுங்கள். இரண்டாம் சுற்றில் திரும்பி வரும்போது பாதி போட்ட கணக்கை எங்கே விட்டோம் என்று தேட வேண்டியிருக்காது.